ஆரஞ்சு விளையும் கோட்டில் பனிக்கட்டி!

வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸ் இருக்கிறதா? கொஞ்சம் எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அது இல்லாமல் கதை நகராது.

உலக வரைபடத்தில் பிரான்ஸைப் பிடியுங்கள். அதன் தெற்கு ஓரத்தில், மத்தியதரைக்கடல் கரையில், நீஸ் என்றொரு ஊர் இருக்கும். எலுமிச்சை, ஆலிவ், ஆரஞ்சு எல்லாம் காய்த்துத் தொங்குகிற பூமி. ஜனவரியில்கூட சராசரியாக 9 டிகிரி செல்ஷியஸ். குளிர்காலத்தைக் கழிக்க ஐரோப்பியப் பணக்காரர்கள் ஓடி வந்த ஊர்.

இப்போது நீஸ் மீது விரலை வைத்து, அப்படியே நேர்க்கோட்டில் வலதுபக்கம் இழுங்கள். இத்தாலி, கருங்கடல், காஸ்பியன் கடல், மங்கோலியா, மஞ்சூரியா என்று ஒரு நீண்ட பயணம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விளாடிவாஸ்டாக் துறைமுகத்துக்குக் கொஞ்சம் மேலே விரல் கடலில் இறங்கும். ஏறக்குறைய அதே அட்சரேகைதான். ஜனவரியில் அங்கே எவ்வளவு? மைனஸ் 12. துறைமுகத்தில் கடலே உறைந்துவிடும்.

திரும்பவும் நீஸுக்கு வாருங்கள். இந்த முறை இடதுபக்கம். ஸ்பெயினின் வடகரையை உரசிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டினால் அமெரிக்காவின் மெய்ன் மாகாணம். அங்கேயும் ஜனவரியில் உறைபனிதான்.

மூன்று ஊர்களுக்கும் பூமத்திய ரேகையிலிருந்து ஒரே தூரம். சூரியன் மூன்றின் மேலும் ஒரே சாய்வில்தான் விழுகிறது. பகல் பொழுதின் நீளம்கூட ஒன்றேதான். ஆனால், ஓரிடத்தில் ஆரஞ்சு, இன்னோரிடத்தில் பனிக்கட்டி!

என்ன காரணம் என்று பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால், இந்தச் சின்ன விஷயம் தெரியாததால் எத்தனை பேர் செத்தார்கள், எவ்வளவு முதலீடு பனியில் புதைந்தது, தெரிந்த பிறகும் அலட்சியப்படுத்தியதால் ஒரு சாம்ராஜ்ஜியம் என்ன விலை கொடுத்தது... அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

*

கிரேக்கர்களிடம் ஆரம்பிக்க வேண்டும். 'கிளைமேட்' என்று இங்கிலீஷில் சொல்கிறோமே, அதன் வேர் 'கிளிமா' என்கிற கிரேக்கச் சொல். அர்த்தம், சாய்வு. சூரியன் எந்தச் சாய்வில் விழுகிறது என்பதை வைத்து பூமியைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒரு பட்டைக்கு ஒரு கிளிமா. தாலமி இந்தப் பட்டைகளைக் கணக்குப்போட்டு எழுதி வைத்துவிட்டார். அப்புறம் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு அதுதான் வேதவாக்கு.

அதாவது, அட்சரேகையும் சீதோஷ்ணமும் ஒன்று. ஒரே கோட்டில் இருக்கிற இரண்டு ஊர்களுக்கு ஒரே வெயில், ஒரே குளிர், ஒரே விளைச்சல்.

கொலம்பஸ் வழி காட்டிய பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன ஐரோப்பியர்கள் பலர், தலைக்குள் இந்தக் கணக்கோடுதான் கப்பல் ஏறினார்கள். புது நாட்டில் எங்கே இறங்குகிறோமோ, அதே கோட்டில் ஐரோப்பாவில் என்ன இருக்கிறது என்று பார். அங்கே திராட்சை விளைந்தால் இங்கேயும் திராட்சை. அங்கே பட்டுப்பூச்சி வளர்ந்தால் இங்கேயும் பட்டு. அவ்வளவுதான் திட்ட அறிக்கை!

முதல் அடி வாங்கியவர்களில் ஒருவர் ழாக் கார்த்தியே. பிரெஞ்சு மாலுமி. 1535-ல் மூன்று கப்பல்கள், சுமார் 110 ஆட்களோடு கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதிக்குள் புகுந்தார். இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில், ஸ்டாடகோனா என்ற பூர்வகுடி கிராமத்தின் அருகே குளிர்காலத்துக்குத் தங்கினார். அட்லஸில் பாருங்கள். கார்த்தியேவின் சொந்த ஊரான செயின்ட் மாலோவைவிட கியூபெக் தெற்கே இருக்கிறது. சொந்த ஊரைவிடத் தெற்கே போனால் குளிர் குறையத்தானே வேண்டும்?

நவம்பர் மத்தியில் கப்பல்களைச் சுற்றி நதி உறைந்தது. ஏப்ரல் மத்தியில்தான் விட்டது. ஐந்து மாதம்! கூடவே ஸ்கர்வி நோய் வந்தது. பச்சைக் காய், பழம் இல்லாமல் உப்புக்கண்டத்தையும் காய்ந்த ரொட்டியையும் மட்டுமே தின்றால் வருகிற வியாதி. ஈறு அழுகும், பல் விழும், கால் வீங்கிக் கறுக்கும், கடைசியில் ஆள் போய்விடுவான். 25 பேர் இறந்தார்கள். ஒரு கட்டத்தில் நடமாடும் நிலையில் இருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் உள்ளூர்க்காரர்கள் தாக்கிவிடுவார்களோ என்று பயந்த கார்த்தியே, ஆட்களெல்லாம் கப்பலுக்குள் மும்முரமாக வேலை செய்வதுபோல நாடகம் ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊர்த் தலைவரின் மகன் டொமகாயாவைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இதே வியாதியில் கிடந்த ஆள், இப்போது நன்றாக நடந்துபோகிறார். என்ன மருந்து என்று நைசாக விசாரித்தார். ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடித்தேன் என்றார் டொமகாயா. கையோடு ஊர்ப் பெண்களிடம் சொல்லி கிளைகளைக் கொண்டுவரவும் செய்தார். ஒரே வாரத்தில் ஒரு பெரிய மரத்தையே காய்ச்சிக் குடித்துத் தீர்த்தார்கள். மிச்சப் பேர் பிழைத்தார்கள்.

நன்றிக்கடனாக கார்த்தியே என்ன செய்தார் தெரியுமா? கிளம்பும்போது ஊர்த் தலைவரையும் டொமகாயாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்டார். தலைவர் திரும்பி வரவேயில்லை. அங்கேயே செத்துப்போனார்.

*

அறுபத்தொன்பது வருடம் கழித்து இன்னொரு பிரெஞ்சுக் கூட்டம். 1604. தலைவர் பியர் துகுவா தெ மோன். கூடவே, பிற்காலத்தில் கியூபெக் நகரத்தை நிறுவப்போகும் சாம்ப்ளேன். இன்று அமெரிக்கா, கனடா எல்லையில் ஓடும் ஒரு நதியின் நடுவே உள்ள செயின்ட் குவா என்ற குட்டித் தீவைப் பிடித்தார்கள். சுற்றிலும் தண்ணீர், எதிரி சுலபத்தில் வர முடியாது. இடம் ஒயின் தேசமான போர்தோவின் கோட்டை ஒட்டியே இருந்தது. அப்புறம் என்ன? தீவின் மரங்களை வெட்டி வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள்.

அக்டோபர் 6-ம் தேதியே பனி கொட்டியது. டிசம்பரில் நதியில் பனிக்கட்டிகள் மிதந்து வர ஆரம்பித்தன. நடந்து போகவும் முடியாது, படகு விடவும் முடியாது. எதிரி வரக்கூடாது என்று தேடிப் பிடித்த தீவிலிருந்து இவர்களே வெளியேற முடியவில்லை. குடிதண்ணீரும் விறகும் அக்கரையில்! ஆப்பிள் மது உறைந்துபோக, அதை பவுண்டு கணக்கில் எடைபோட்டுக் கொடுத்தார்கள். தங்கியவர்கள் 79 பேர். வசந்தம் வருவதற்குள் 35 பேர் காலி. இன்னும் இருபது பேர் சாவின் விளிம்பில். மார்ச்சில் பூர்வகுடிகள் வேட்டைக்கறி கொண்டுவந்து பண்டமாற்று செய்த பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது.

அந்தத் தீவின் கல்லறைகளை 20-ம் நூற்றாண்டில் தோண்டி ஆராய்ந்தார்கள். எலும்புகளில் ஸ்கர்வியின் அடையாளம் இருந்தது. ஒரு மண்டையோட்டின் மேல்மூடி அழகாக அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. தோழர்கள் ஏன் சாகிறார்கள் என்று புரியாமல், பிணத்தை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாம்ப்ளேனே இதை எழுதி வைத்திருக்கிறார். 2003-ல் அந்த எலும்புகளை மரியாதையோடு அங்கேயே திரும்பப் புதைத்தார்கள்.

*

பிரெஞ்சுக்காரர்கள் பட்டதைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் திருந்தினார்களா? அவர்கள் இதைக் கம்பெனி ஆரம்பித்தே செய்தார்கள்.

1606-ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ், வர்ஜீனியா கம்பெனிக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார். அதில் நிலத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? 34-வது டிகிரியிலிருந்து 45-வது டிகிரி வரை! ஐரோப்பாவில் அதே இடைவெளியில் என்னென்ன இருக்கிறது? தெற்கு ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், தெற்கு பிரான்ஸ். ஒயின், ஆலிவ் எண்ணெய், பட்டு, பழங்கள். இங்கிலாந்து காசு கொடுத்து இறக்குமதி செய்துகொண்டிருந்த அத்தனை சரக்கும் அந்தப் பட்டையில்தான் விளைகிறது. இனிமேல் சொந்த நிலத்திலேயே விளைவித்துக்கொள்ளலாமே! முதலீட்டாளனுக்கு வேறென்ன வேண்டும்?

கம்பெனியில் இரண்டு பிரிவு. லண்டன்காரர்கள் தெற்கே ஜேம்ஸ்டவுனுக்குப் போனார்கள். பிளிமத்காரர்கள் 1607 ஆகஸ்டில் வடக்கே மெய்ன் கரையில், கென்னபெக் நதியின் முகத்துவாரத்தில் இறங்கினார்கள். சுமார் 100 பேர். தலைவர் ஜார்ஜ் போஃபம். அட்சரேகை 43 டிகிரி 45 நிமிடம். நீஸ் நகரம் 43 டிகிரி 42 நிமிடம். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு!

டிசம்பரில் குளிர் பிடித்துக்கொண்டது. பயிர் போடும் பருவம் தாண்டித்தான் வந்து இறங்கியிருந்தார்கள் என்பதால் கையில் தானியமும் இல்லை. எல்லோருக்கும் சோறு போட முடியாது என்று பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார் போஃபம். அதே டிசம்பரில் அவர் மன்னருக்கு லத்தீனில் ஒரு கடிதமும் எழுதினார். சுற்றிலும் பனி. அதில் அவர் எழுதிய விஷயம், இந்த நாட்டில் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, லவங்கப்பட்டை எல்லாம் இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்பது! கண்ணெதிரே தெரிகிற பனியைவிட, தலைக்குள் இருக்கிற வரைபடத்துக்குத்தான் வலு அதிகம். கம்பெனியின் பங்குதாரர்களைக் குஷிப்படுத்த வேண்டிய கட்டாயமும் இருந்திருக்கும்.

இரண்டே மாதத்தில், 1608 பிப்ரவரியில், போஃபம் இறந்துபோனார். அந்த வருடக் கடைசிக்குள் மிச்சப் பேரும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்து திரும்பிவிட்டார்கள். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 1607-08 குளிர்காலம் ஐரோப்பாவிலேயே மிகக் கொடூரமானது. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேல் சந்தையே போட்டார்கள். 'குட்டிப் பனியுகம்' என்று இன்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் காலம் அது. ஆனால், நல்ல வருடத்தில்கூட மெய்ன் நீஸ் ஆகாது.

ஜேம்ஸ்டவுன் பிழைத்தது. ஆனால், அங்கேயும் கணக்கு பலிக்கவில்லை. குடும்பத்தலைவன் ஒவ்வொருவனும் வருடத்துக்குப் பத்துத் திராட்சைக்கொடி நட்டே ஆகவேண்டும் என்று 1619-ல் சட்டமே போட்டார்கள். பட்டுப்பூச்சி வளர்க்கச் சொன்னார்கள். ஒயினும் வரவில்லை, பட்டும் வரவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது புகையிலை. அதைப் பயிரிடும் வித்தை பூர்வகுடிகளுடையது.

இன்னொருவர் ஜார்ஜ் கால்வெர்ட் என்கிற பால்டிமோர் பிரபு. இங்கிலாந்து மன்னரின் முன்னாள் அமைச்சர். நியூஃபவுண்ட்லாந்தில் ஃபெர்ரிலேண்ட் என்ற இடத்தில் நிலம் வாங்கி, ஏராளமாகச் செலவழித்து மாளிகை கட்டினார். 1627-ல் நேரில் வந்து பார்த்தார். பார்த்தது கோடைக்காலத்தில்! அடுத்த வருடம் குடும்பத்தோடு குடியேறினார். அந்தக் குளிர்காலம் முழுக்க மாளிகை ஆஸ்பத்திரியாக இருந்தது. சுமார் 100 பேரில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் படுக்கை. ஒன்பது பத்துப் பேர் மரணம். அக்டோபரில் ஆரம்பித்து மே மாதம் வரை குளிர் விடவில்லை, வேறு இடம் கொடுங்கள் என்று மன்னருக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தெற்கே கிளம்பினார். அவர் இறந்த பிறகு 1632-ல் மகன் கைக்கு அந்த வேறு இடம் வந்தது. அதுதான் மேரிலேண்ட். பால்டிமோர் நகரத்துக்குப் பெயர் வந்ததும் இந்தக் குடும்பத்தால்தான்.

வீடு வாங்குகிறவர்கள் மழைக்காலத்தில் ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

*

சரி, காரணத்துக்கு வருவோம்.

முதல் துப்பு கொடுத்தவர்கள் திமிங்கில வேட்டைக்காரர்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அப்போது அமெரிக்கக் காலனிகளின் துணைத் தபால் தலைவராக லண்டனில் இருந்தார். 1768-ல் ஒரு புகார் வந்தது. இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், சாதாரண சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்கின்றனவாம். ஏன்? தன் உறவினரும் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவருமான திமோதி ஃபோல்ஜரிடம் விசாரித்தார் ஃபிராங்க்ளின்.

ஃபோல்ஜருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கடலுக்குள் ஒரு நதி ஓடுகிறது, திமிங்கிலங்கள் அதன் ஓரத்தில்தான் இருக்கும், அதனால் எங்களுக்கு அதன் கரை அத்துப்படி என்றார். தபால் கப்பல்காரர்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்துப் போகிறார்கள். விலகிப் போகும்படி நாங்களே சொல்லியிருக்கிறோம். மீன்பிடிக்கிறவன் சொல்லி நாம் கேட்பதா என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

ஃபோல்ஜர் வரைந்து காட்டினார், ஃபிராங்க்ளின் அச்சிட்டார். வளைகுடா நீரோட்டத்தின் வரைபடம் தயார். தபால் கப்பல் தலைவர்கள் அதையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்! பின்னாளில் ஃபிராங்க்ளின் தன் கடல் பயணங்களில் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு, அந்த ஓட்டம் சுற்றியுள்ள கடலைவிட வெதுவெதுப்பாக இருப்பதையும் குறித்துக்கொண்டார்.

தாலமியின் பட்டைகளை உடைத்தவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1817-ல் அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. ஒரே சராசரி வெப்பநிலை உள்ள ஊர்களை எல்லாம் ஒரு கோட்டால் இணைத்தார். சமவெப்பக் கோடு. அட்சரேகையும் சீதோஷ்ணமும் ஒன்று என்றால் இந்தக் கோடுகள் நேராக ஓட வேண்டும். ஓடவில்லை! ஐரோப்பாவின் மேற்குக் கரையில் மேலே எழும்பின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தொய்ந்து கீழே இறங்கின.

இன்றைய விஞ்ஞானம் சொல்லும் காரணம் இதுதான். பூமியின் இந்தப் பகுதிகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. கடல்நீர் கோடை வெப்பத்தைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் மெல்ல மெல்லச் செலவு செய்யும். சிக்கனக்காரன். நிலம் அப்படி இல்லை, வந்ததை அன்றன்றே செலவழிக்கிற ஊதாரி. ஆகவே, கடலைத் தாண்டி வரும் காற்று மேற்குக் கரைகளுக்கு இதம் கொண்டுவருகிறது. கண்டம் முழுவதும் உருண்டு வரும் காற்று கிழக்குக் கரைகளுக்குக் குளிரைக் கொண்டுவருகிறது. நீஸும் போர்தோவும் முதல் ரகம். மெய்னும் விளாடிவாஸ்டாக்கும் இரண்டாம் ரகம்.

எல்லாப் புகழையும் வளைகுடா நீரோட்டத்துக்கே கொடுப்பதுதான் ரொம்ப நாள் வழக்கம். 2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், அது முழுக்கச் சரியில்லை என்று கணக்குப்போட்டுக் காட்டினார்கள். கடல் சேமிக்கும் கோடை வெப்பத்துக்கும், ராக்கி மலைத்தொடரில் மோதி வளைந்து செல்லும் காற்றுக்கும்தான் பெரிய பங்கு என்றார்கள். வளைகுடா நீரோட்டமே எட்டிப்பார்க்காத பசிபிக் கரையில் வான்கூவரும் இதமாகத்தானே இருக்கிறது? ஆனால், இன்னும் வடக்கே, நார்வேயைத் தாண்டிப் போனால், வெதுவெதுப்பான நீரோட்டத்தின் தயவு நிஜமாகவே தேவைப்படுகிறது. அந்த 'வடக்கே' என்கிற இடத்தில்தான் ரஷ்யாவின் கதை ஒளிந்திருக்கிறது.

*

ரஷ்யா 1860-ல் பசிபிக் கரையில் விளாடிவாஸ்டாக்கை நிறுவியது. 'கிழக்கை ஆள்' என்று அர்த்தம் வருகிற பெயர். பெயர் ஜோர்தான். ஆனால், குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்துவிடும். ஐஸ் உடைக்கும் கப்பல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். உறைந்து கிடக்கும் கடற்படையை வைத்துக்கொண்டு கிழக்கை எப்படி ஆள்வது?

தெற்கே, சீனாவின் லியாவோதுங் தீபகற்ப முனையில், உறையாத துறைமுகம் ஒன்று இருந்தது. போர்ட் ஆர்தர். 1895-ல் சீனாவைத் தோற்கடித்து ஜப்பான் அதைப் பிடித்திருந்தது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மிரட்டி, அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே வருடத்தில், 1898-ல், அதே துறைமுகத்தை 25 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது ரஷ்யா! ஜப்பானுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

1904 பிப்ரவரி 8 இரவு. போர்ட் ஆர்தரில் நின்ற ரஷ்யக் கப்பல்கள் மீது ஜப்பான் பாய்ந்தது. மஞ்சூரியா, கொரியா, ரயில் பாதை, கௌரவம் என்று யுத்தத்துக்குப் பல காரணங்கள் உண்டு. உறையாத ஒரு துறைமுகம் என்கிற ஆசை அதில் முக்கியமான ஒன்று.

உதவிக்கு பால்டிக் கடலிலிருந்து இன்னொரு கடற்படையை அனுப்பினார் ஜார் மன்னர். 1904 அக்டோபரில் லிபாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு அது வந்து சேர்வதற்குள், 1905 ஜனவரியிலேயே போர்ட் ஆர்தர் சரணடைந்துவிட்டது. இனி போக்கிடம் விளாடிவாஸ்டாக்தான். வழியில் சுஷிமா நீரிணையில், மே 27-ம் தேதி, ஜப்பான் காத்திருந்தது. இரண்டே நாள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் மாண்டார்கள். தப்பித்து விளாடிவாஸ்டாக் போய்ச் சேர்ந்தவை மூன்றே மூன்று போர்க்கப்பல்கள்.

சமாதானப் பேச்சுவார்த்தை அமெரிக்காவில் நடந்தது. 1905 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் உடன்படிக்கை. அட்லஸ் இன்னும் பக்கத்தில்தானே இருக்கிறது? போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தைத் தேடுங்கள். மெய்ன் மாகாணத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. அட்சரேகை 43 டிகிரி 5 நிமிடம். விளாடிவாஸ்டாக் 43 டிகிரி 7 நிமிடம்! போஃபமின் ஆட்கள் குளிரில் நடுங்கிய இடத்துக்கும் இதற்கும் சுமார் நூறு கிலோமீட்டர்தான்.

இதைவிட வேடிக்கை, ரஷ்யா சார்பில் அங்கே கையெழுத்துப் போட வந்தவர். செர்கேய் விட்டே. 1894-ல் நிதியமைச்சராக இருந்தபோது இவர் ரஷ்யாவின் வடக்கு ஓரமான முர்மான் கரைக்கு நேரில் போனார். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. அங்கே கடல் குளிர்காலத்தில்கூட உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேயைச் சுற்றிக்கொண்டு அதுவரை வந்துவிடுகிறது. பொமோர் என்ற வடக்கத்தி மீனவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கரை. நமக்குக் கடற்படைத் துறைமுகம் வேண்டுமென்றால் இங்கே கட்டலாம் என்று ஜார் மூன்றாம் அலெக்ஸாண்டரிடம் சிபாரிசு செய்தார் விட்டே. அந்த வருடமே ஜார் இறந்துபோனார். அடுத்து வந்த இரண்டாம் நிக்கோலஸ், அரண்மனைப் பெரிய மனிதர்கள் பேச்சைக் கேட்டு, பணத்தை பால்டிக் கரையில் ஒரு துறைமுகத்தில் கொட்டினார். எந்தத் துறைமுகம்? லிபாவ். ஆமாம், அந்தக் கடற்படை தன் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியதே, அதே லிபாவ்.

முர்மான் கரையில் துறைமுகம் இருந்திருந்தால் ஜப்பானோடு யுத்தம் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. பசிபிக் ஆசை அதனால் தீர்ந்திருக்காது. ஆனால், முதல் உலகப்போரில் ஜெர்மனி பால்டிக்கையும் துருக்கி கருங்கடலையும் அடைத்துவிட, மூச்சுத் திணறிய ரஷ்யாவுக்கு விட்டே காட்டிய வடக்குக் கரைதான் ஞாபகம் வந்தது. யுத்தக் கைதிகளை வைத்து அவசர அவசரமாக ரயில் பாதை போட்டு, 1916-ல் அங்கே ஒரு நகரத்தை எழுப்பினார்கள். அதுதான் இன்றைய முர்மான்ஸ்க். இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகளின் டாங்கிகளும் விமானங்களும் உணவும் வந்து இறங்கிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று. கிட்டத்தட்ட 69-வது டிகிரியில் திறந்திருக்கிறது கடல். 43-வது டிகிரியில் பூட்டிக்கொள்கிறது!

*

டொமகாயா, ஃபோல்ஜர், பொமோர் மீனவர்கள். இந்தக் கதையில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோருமே அந்தந்த இடத்தில் பிழைப்பு நடத்தியவர்கள். அவர்களிடம் வரைபடம் இல்லை. வரைபடம் வைத்திருந்தவர்கள் பலருக்கோ, அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்ட சமயங்களில் ஒன்று, கார்த்தியேவுக்கு உயிர் போகிற நிலைமை வந்தபோது.

இப்போது அந்தக் கோடுகளே நகர ஆரம்பித்துவிட்டன. அட்லாண்டிக்கின் பெரிய நீரோட்டச் சுழற்சி இந்த நூற்றாண்டில் பலவீனமடைவது பெரும்பாலும் நிச்சயம் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 2021-ல் சொன்னது. அது நின்றே போகுமா, போனால் எப்போது என்பதில்தான் இன்னும் வாக்குவாதம். போஃபம் உறைந்த அதே மெய்ன் கரைக் கடல், இந்த நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் உலகக் கடல்களிலேயே மிக வேகமாகச் சூடேறிய பகுதிகளில் ஒன்று. 2012-ல் கடல் திடீரென்று சூடாகி, அங்கே கல் இறால்கள் வழக்கத்துக்கு முன்பே வந்து குவிந்தன. வாங்க ஆள் இல்லாமல் விலை அதல பாதாளத்துக்குப் போனது.

வலை, கூண்டு, சந்தை விலை. கடல் மாறிவிட்டது என்ற செய்தி அந்த மீனவர்களுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். இந்த முறையாவது, உறைந்த பிறகோ மூழ்கிய பிறகோ கேட்காமல், கொஞ்சம் முன்கூட்டியே அவர்களிடம் போய்க் கேட்டால் தேவலை.